ஏழாம் தொட்டி

வினோதினி மடிக்கணினியைத் திறந்தபோது நேற்றைய வீடியோ இன்னும் பதிவாகி நீண்டுகொண்டிருந்தது. ட்ரோனின் பேட்டரிக்கு உயிர் பதினைந்து நிமிடம்தான். ஏழாம் தொட்டியின் வீடியோவோ இருபத்தோரு மணி நேரத்தைத் தாண்டிவிட்டிருந்தது.

மென்பொருள் மக்கர் செய்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அலுப்பாக இருந்தது. மரக்காணத்து மதிய வெயில் உப்பளத்தில் பட்டு, ஜன்னல் வழியே கண்ணைக் குத்தி, ஈர உப்பின் வாடையோடு அறை முழுக்க நிறைந்திருந்தது. மூன்று வாரமாக இதே பிழைப்பு. கடலில் நிற்கும் சரக்குக் கப்பலின் வயிற்றிலுள்ள இரும்புத் தொட்டிகளுக்குள் கணவன் அந்தோணிராஜ் ட்ரோனைப் பறக்கவிடுவான். அவள் வீட்டிலிருந்தபடி துருவும் விரிசலும் பார்த்து ‘சரி’ என்று அழுத்துவாள். உடனே மூடியைப் பூட்டித் தொட்டியில் கடல்நீரை நிரப்பிவிடுவார்கள்.

நேற்று ஏழாம் தொட்டியின் கடைசி மூன்று நிமிடத்தை அவள் பார்க்கவில்லை. கண் சொக்கியது. அழுத்திவிட்டுப் படுத்துவிட்டாள். இரவு அவன் வரவில்லை. வேலை இழுத்தால் கப்பலிலேயே தங்கிவிடுவான்.

போன் அடித்தது. அவனோடு வேலை செய்யும் ஜான்சன்.

“அக்கா, அண்ணன் இன்னைக்கு ட்யூட்டிக்கு வரலையே?”

“அங்கதானேப்பா இருக்காரு?”

“இல்லக்கா. நேத்து சாயங்காலம் முதல் படகுலயே கரைக்கு வந்துட்டாருன்னு நெனச்சோம். ட்ரோனையும் காணோம்.”

ட்ரோன் எங்காவது சிக்கினால் மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு, யாரிடமும் சொல்லாமல் அவனே இறங்கி எடுத்துவருவான். “அஞ்சு நிமிசம், யாருக்குத் தெரியப்போவுது?” என்பான். அவளும் சிரித்திருக்கிறாள்.

நேற்று விட்ட இடத்துக்கு வீடியோவை ஓட்டினாள். படம் சாய்ந்து கிடந்தது; ட்ரோன் எங்கோ சிக்கியிருந்தது. ஏணியில் அவன் இறங்கினான். சட்டைப்பையில் வழக்கமான சாக்குக்கட்டி. விரிசலைக் கண்டால் சுற்றி வட்டம் போடுவது அவன் பழக்கம். கேமராவைப் பார்த்துச் சிரித்தான். மேலே வட்டமாகத் தெரிந்த வெளிச்சம் பாதியானது. பிறகு இல்லை.

“வினோ! பாக்குறியா? தொறக்கச் சொல்லு!”

தண்ணீர் விழும் சத்தம்.

நான்தான் பூட்டினேன். நான்தான்.

வீடியோவை இந்த நொடிக்கு நகர்த்தினாள். கலங்கிய நீர். ட்ரோனின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரும்புச் சுவரெங்கும் வெள்ளை வட்டங்கள், நூற்றுக்கணக்கில். எதற்குள்ளும் விரிசல் இல்லை. வெளியேற வழி தேடியிருக்கிறான்.

கிறீச்.

தண்ணீருக்குள் சாக்குக்கட்டியின் ஓசை. ஒரு கை வந்தது. ஊறி வெளுத்த கை. கேமராவின் மேல் மெதுவாகக் கோடு இழுத்தது.

மடிக்கணினியை அணைத்தாள். திரை கறுத்தது. அதில் அவள் முகம் தெரிந்தது. முகத்தைச் சுற்றி முக்கால் வட்டம்.

விரலால் தேய்த்தாள். போகவில்லை. கோடு கண்ணாடிக்கு உள்பக்கம் இருந்தது.

கிறீச்.

வட்டம் முடிந்தது.