நான்காம் வரியில் கர்சர்

அக்காவை ஆஸ்பத்திரியின் பழைய வார்டில் சேர்த்ததிலிருந்து தினமும் ஒரு நடை வந்துபோகிறாள் தங்கை. அன்று மதியம் நர்ஸ் வாசலிலேயே மறித்தாள்.

"நீங்க கம்ப்யூட்டர்ல புரோகிராம் எழுதுறவங்கதானே? எங்க திரையைக் கொஞ்சம் பாருங்களேன்."

ஜன்னல் சாத்திய அறை. மருந்து நெடி. மேசைமேல் எழுத்துகள் மட்டுமே ஓடும் பழைய டெர்மினல். கட்டிலுக்கு ஒரு வரி, எதிரே நாடித்துடிப்பு. இடது ஓரத்தில் வெள்ளைக் கட்டமாகக் கர்சர், மின்னி அணைந்து மின்னியது.

"யாரும் கீயைத் தொடறதில்லைங்க. அதுவா இறங்குது. எந்த வரியில நிக்குதோ, அன்னைக்கே அந்தக் கட்டில் காலி."

"வேலை நேரத்துல நல்லா கதை விடுறீங்க."

"காலையில மூணுல நின்னுச்சு. எட்டிப் பாருங்க."

மூன்றாம் கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

தங்கை திரையிடம் திரும்பியபோது கர்சர் இறங்கியிருந்தது.

நான்காம் வரி.

அக்காவின் கட்டில்.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கர்சரைத் திரையின் கீழ் மூலைக்கு அனுப்பும் கட்டளையைத் தட்டினாள். போனது. கண் இமைப்பதற்குள் நான்கில் நின்றது. மறுபடி அனுப்பினாள். மறுபடி நான்கு.

"விடாக்கண்டனா இருக்கே. இருங்க, மறைச்சுடறேன்."

"மறைச்சா போயிடுமா?"

"எங்க வேலையில அதுதான் வழக்கம். புரோகிராம் ஆரம்பிச்சதும் மறைப்போம், முடியும்போது திருப்பிக் காட்டுவோம். நடுவுல யாரு கண்ணுலயும் படாது."

ஒரே கட்டளை. வெள்ளைக் கட்டம் காணாமல் போனது. நர்ஸ் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

தங்கை சிரித்துக்கொண்டே அக்காவின் கட்டிலுக்குப் போனாள். அக்கா கண்மேல் புறங்கையை வைத்திருந்தாள்.

"வந்தியாடி? அந்த விளக்கை அணைக்கச் சொல்லு."

"எந்த விளக்குக்கா?"

"கால்மாட்டுல. வெள்ளையா, ஆள் உயரத்துக்கு. விட்டு விட்டு எரியுது. தூங்கவே விட மாட்டேங்குது."

கால்மாட்டில் எதுவுமில்லை.

அவள் டெர்மினலுக்கு ஓடினாள். கர்சரைத் திருப்பிக் காட்டும் கட்டளையைத் தட்டினாள். டெர்மினல் ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு வரியாகத் தேடினாள்.

எங்கும் இல்லை.

"திரைக்கே வந்துடு," என்று முணுமுணுத்தபடி மறுபடி தட்டினாள். இன்னொரு முறை. இன்னொரு முறை.

வார்டுக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. கோபமில்லை, அலுப்புதான்.

"அணைக்கச் சொன்னா, ஏண்டி கிட்ட கிட்ட அனுப்புறே?"