ஒன்பது நொடிக்கு ஒரு கும்பிடு

ஒன்பது நொடிக்கு ஒருமுறை எந்திரச் சாரதி தலை குனிந்தது. நான்கு நொடி அப்படியே இருந்தது. அதன் கட்டைவிரல் மடிக்கு மேலே வெறுங்காற்றை மெல்ல மேல்நோக்கித் தடவியது. பேருந்தில் இருந்த நாற்பது பேரும் கூடவே குனிந்து, காற்றைத் தடவி, நிமிர்ந்தார்கள். வலப்பக்கம் பெருங்குழி, விழுந்தவன் அடியைத் தொடுவதற்குள் தாடி வளர்ந்துவிடும். நிலாவில் இந்தச் சடங்குக்குப் பயணக் கும்பிடு என்று பெயர்.

எந்திரச் சாரதியைச் செய்தவர்கள், பூமியின் பழைய ஓட்டுநர்களைப் படம்பிடித்த காட்சிகளில் ஆறு கோடி மணி நேரத்தை அதற்கு ஊட்டியிருந்தார்கள். எல்லாம் முன்கண்ணாடியின் மேல்மூலையிலிருந்து எடுத்தவை. ஸ்டியரிங்குக்குக் கீழே என்ன இருந்தது என்று தெரியவில்லை. லாரிக்காரர், டாக்டர், பெண்டாட்டியைப் பிரசவத்துக்கு அழைத்துப் போகிறவர், யாரானாலும் அடிக்கடி குனிந்தார்கள். முகத்தில் அப்படி ஒரு லயிப்பு. மடியில் குலதெய்வம் இருந்திருக்கும் என்று பொறியாளர்கள் முடிவு கட்டினார்கள். நிலாவாசிகளுக்குப் பேச்சுச் சில்லு காதுக்குப் பின்னால் தோலுக்குள்ளேயே இருந்தது. கையில் வைத்துப் பார்க்கும் பொருள் எதையும் அவர்கள் கனவிலும் கண்டதில்லை.

தையல்நாயகிக்கு மட்டும் இந்தக் கும்பிடு ஆகவே ஆகாது. போன மாதம் எந்திரச் சாரதி ஓட்டிய பேருந்து மோதி அவள் கணவன் வேதாசலத்தின் கால் ஒடிந்திருந்தது. வருகிற திங்கள் முதல் பள்ளிப் பேருந்தையும் எந்திரச் சாரதியே ஓட்டும் என்று அறிவித்துவிட்டார்கள். அதில்தான் ஏழு வயது மகள் வாணி போக வேண்டும்.

"கும்பிடுற நேரத்துல குறுக்க போனது என் தப்பு நாயகி," என்றான் வேதாசலம், மாவுக்கட்டைத் தடவியபடி. "சாமிக்கும் பூசாரிக்கும் நடுவுல நடந்து போகலாமா?"

"நடந்தா பூசாரி திட்டுவாரு. கால ஒடிச்சு கையில குடுக்க மாட்டாரு!"

அவளுக்கு வேலை அருங்காட்சியகத்தில். பூமியிலிருந்து வந்த பெட்டி ஒன்றில் உள்ளங்கை அளவுக் கறுப்புக் கண்ணாடிச் சில்லு ஒன்று கிடந்தது. 'சவரக் கண்ணாடியாக இருக்கலாம்' என்று சீட்டு எழுதி ஒட்டியிருந்தார்கள். துடைக்கும்போது ஏதோ தோன்ற, மின்சாரம் ஊட்டிப் பார்த்தாள். நானூறு ஆண்டு தூங்கிய பொருள் சிலிர்த்து விழித்தது. பனியன் போட்ட ஒருவர் பரோட்டா வீசினார். அவள் விரல் தானாக மேலே தள்ளியது. பூனை வந்தது. மறுபடி தள்ளினாள். தன் கட்டைவிரலைப் பார்த்தாள். சாரதியின் விரல் வெறுங்காற்றைத் தடவுவதும் இப்படித்தான்.

மறுநாள் போக்குவரத்துக் குழுவின் மேசையில் அதை ஓங்கி வைத்தாள்.

"இதாங்க உங்க குலதெய்வம்! பரோட்டா, பூனை, எவளோ ஒருத்தியோட வளைகாப்பு. இதைப் பாக்கத்தான் ரோட்டை விட்டுட்டுக் குனிஞ்சிருக்காங்க."

குழுத் தலைவர் சிங்காரவேலர் கண்ணை இடுக்கினார். "எதிர்ல வண்டி வர்றப்பவுமாம்மா?"

"அப்பவும்தான்."

"குறுக்க பிள்ளைங்க ஓடினா?"

"அப்பவும்தாங்க! கொத்துக் கொத்தாச் செத்திருக்காங்க. இதுல கடைசியா எழுதியிருக்கிறதைப் படிங்க."

அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். 'அண்ணன் போயிட்டான்டா. போன் பாத்துக்கிட்டே ஓட்டினானாம். நான் வண்டியிலதான் வந்துக்கிட்டிருக்கேன், இப்பதான் பாலத்து'

அதற்கு மேல் இல்லை.

சிங்காரவேலரின் கண்கள் கலங்கின. ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது என்று தையல்நாயகி நினைத்தாள். அவர் எழுந்து, அந்தச் சில்லை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அண்ணன் உயிர் போச்சு. தம்பி விடலை. தம்பி உயிரும் போச்சு. ஊரே விடலை. எந்த மதத்துலம்மா இருக்கு இப்படி ஒரு பக்தி? சாமியை விட்டுட்டு வெறுங்கையைக் கும்பிட்டிருக்கோம். விபத்து வராம என்ன செய்யும்?"

"ஐயா, உங்களுக்கு மண்டைக்குள்ள ஏதாவது இருக்கா, இல்ல அங்கயும் குழிதானா?"

அவர் காதில் விழவில்லை. அச்சு அசலாக நகல் எடுக்கும் உத்தரவு அதற்குள் பறந்துவிட்டது. சாரதிக்கு ஒன்று, பள்ளிப் பிள்ளைகளுக்குத் தலைக்கு ஒன்று. நல்ல பழக்கம் இளமையிலேயே வர வேண்டுமாம்.

திங்கள் காலை தையல்நாயகி மகளுக்கு உச்சி முதல் பாதம் வரை மூச்சுக்கவசம் மாட்டி, தானும் மாட்டிக்கொண்டு, குழி விளிம்புச் சாலையில் நடத்தியே கூட்டிக்கொண்டு கிளம்பினாள். பாதி வழியில் தரை அதிர்ந்தது. நிலாவில் காற்றில்லை, ஹாரன் கேட்காது. திரும்பிப் பார்த்தாள். பத்தடியில் பேருந்து. அவள் வாணியை அள்ளிக்கொண்டு ஓரப்பாறையில் விழுந்தாள். சக்கரம் அவள் கவசத்தின் குதிகாலை உரசிக்கொண்டு போனது. சாரதி நிமிரவில்லை. சன்னலோரப் பிள்ளைகளில் ஒருத்தர்கூட நிமிரவில்லை.

"பாத்தியாடி? பாத்தியா?" என்று கத்தினாள். ஆத்திரத்தில் கவசக் கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்தது.

வாணி விம்மி விம்மி அழுதாள். "பாத்தேன்மா. எல்லார் கையிலயும் இருக்கு. எனக்கு மட்டும் ஏம்மா வாங்கித் தர மாட்டேங்கிற?"