ராஜாவைக் கடத்திய அக்கா

நூலகத்தின் மாடியில் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டால், பட்டாசு ஒரு காயை நகர்த்திவிட்டான் என்று அர்த்தம். ‘டப் டப் டப்’ என்று விடாமல் கேட்டால், எதிரில் உட்கார்ந்திருப்பவர் பாவம் என்று அர்த்தம்.

பட்டாசுக்கு ஒன்பது வயது. ஐந்து நிமிட செஸ் என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஆளுக்கு ஐந்தே நிமிடம். காயை நகர்த்தியதும் பக்கத்தில் இருக்கும் கடிகாரப் பொத்தானை அழுத்த வேண்டும். யாருடைய நேரம் முதலில் தீர்கிறதோ, அவர் தோற்றார். அவன் கை பறக்கிற வேகத்தைப் பார்ப்பதற்கென்றே, கீழே பத்திரிகை படிப்பவர்கள் மாடிக்கு வருவார்கள்.

அவர்களில் அதிகமாக வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பது அவனுடைய அக்காதான். “அக்கா! அக்கா!” என்று அவன் கத்திக் கத்தியே அவள் நூலகம் முழுவதற்கும் அக்காவாகிவிட்டாள். நூலகர் மேடம்கூட அவளை அப்படித்தான் கூப்பிடுவார். அவளும் செஸ் ஆடுவாள். ஆனால் அவள் ஒரு சிப்பாயை நகர்த்துவதற்குள் மற்றவர்கள் ஒரு கதையையே படித்து முடித்துவிடலாம்.

அந்தச் சனிக்கிழமை இன்னொரு நூலகத்தோடு போட்டி நடந்தது. ஓர் அணிக்கு இரண்டு பேர். ஆளுக்கு ஒரு மணி நேரம். அக்காவும் பட்டாசும் போனார்கள், இருவரும் தோற்றார்கள். அக்காவுக்கு நேரம் போதவில்லை. பட்டாசுக்கோ, தோற்ற பிறகும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் கடிகாரத்தில் அப்படியே மிச்சம் இருந்தது.

திரும்பி வந்ததும் நூலகர் மேடம் செய்த முதல் வேலை, ஐந்து நிமிடக் கடிகாரங்களை எல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டியதுதான்.

“டப்பு டப்புன்னு அடிச்சு அடிச்சு இவனுக்கு யோசிக்கிற பழக்கமே போயிடுச்சு. அடுத்த போட்டிக்கு வேற யாரையாவது அனுப்பப் போறேன்” என்றார்.

எப்போதும் கத்துகிற பட்டாசு, தலையைக் குனிந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

“மேடம், நானும்தானே தோத்தேன்?” என்றாள் அக்கா.

“நீ யோசிச்சுத் தோத்த. அவன் யோசிக்காம தோத்தான்.”

தோல்வியில் இப்படி இரண்டு ஜாதி உண்டா என்று அக்காவுக்குப் புரியவில்லை. தம்பியின் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பட்டாசு செஸ் அட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

“இனிமே நான் ஆடல. வேணும்னா நீயே வெச்சுக்கோ.”

சொன்னபடியே இரண்டு நாள் அதைத் தொடவில்லை. மூன்றாம் நாள் இரவு அக்கா சாப்பாட்டு மேசையில் அட்டையை விரித்து, புத்தகத்தில் இருந்த ஒரு செஸ் புதிரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பட்டாசு பல் தேய்த்துக்கொண்டே அந்தப் பக்கம் வந்தான். நுரை நிறைந்த வாயோடு ஒரு கணம் நின்றான்.

“குதிரைய அந்த மூலைல வை” என்றான். பாதி நுரை புத்தகத்தின் மேல் விழுந்தது.

அக்கா வைத்துப் பார்த்தாள். விடை அதேதான்! பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து அவள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த புதிர் அது.

“எப்படிடா கண்டுபிடிச்ச?”

“இதே மாதிரி எத்தனையோ ஆட்டத்துல வந்திருக்கே. பாத்ததும் தெரியும்.” பட்டாசு வாய் கொப்பளிக்கப் போய்விட்டான்.

அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. என் தம்பிக்கு எப்பேர்ப்பட்ட கண்! இந்தக் கண்ணை அவனுக்குக் கொடுத்ததே அந்த ‘டப் டப்’ ஆட்டங்கள்தானே? அப்புறம் அதே ஆட்டம் அவனை எப்படிக் கெடுக்கும்?

படுத்துக்கொண்டு யோசித்தாள். யோசிப்பதில்தான் அவளை அடிக்க ஆளில்லையே. பட்டாசு தோற்றவுடன் என்ன செய்வான்? “அடுத்த ஆட்டம்!” என்று கத்துவான். தோற்ற காய்கள் சாய்வதற்குள் புதிய ஆட்டத்துக்கு அடுக்கிவிடுவான். ஏன் தோற்றோம் என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. ஆகவே அடுத்த ஆட்டத்தில் அதே தப்பைத்தான், இன்னும் வேகமாகச் செய்வான்.

மறுநாள் அவள் நேராக நூலகர் மேடத்திடம் போனாள்.

“மேடம், வீட்டுல அவன் வேகமா ஆடலாமா?”

மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “உங்க வீட்டுல என் பூட்டு செல்லாதும்மா.”

“அடுத்த போட்டியில அவன் இடத்தை வேற யாருக்கும் குடுக்காதீங்க மேடம். நான் கேட்டுக்கறேன்.”

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி. உனக்காக இந்த ஒரு தடவை. இதுலயும் அவசரப்பட்டான்னா, அதுக்கப்புறம் நீ கேட்கக் கூடாது.”

அன்று மாலை அக்கா மறுபடி மேசையில் அட்டையை விரித்தாள். அப்பாவின் பழைய கைப்பேசியில் செஸ் கடிகாரத்தைத் திறந்து வைத்தாள். பட்டாசு ஓரக்கண்ணால் பார்த்தான். நான்கு தடவை “மாட்டேன்” என்றான். ஐந்தாவது தடவை உட்கார்ந்துவிட்டான்.

முதல் இரண்டு ஆட்டங்களில் அக்காவின் நேரம் காலி. மூன்றாவதில் அதிசயமாக அக்காவின் யானை கடைசி வரிசைக்குப் போய் செக்மேட் வைத்தது.

“அடுத்த ஆட்டம்!” பட்டாசு காய்களை வாரினான். ராஜாவைக் காணோம். அது அக்காவின் மூடிய கைக்குள் இருந்தது.

“எங்க தப்பு பண்ணினே? சொன்னாத்தான் ராஜா வெளியே வருவார்.”

“உன்கூட ஆட உட்கார்ந்ததுதான் தப்பு. குடு!”

“ம்ஹூம்.”

“அம்மா! அக்கா என் ராஜாவைக் கடத்திட்டா!”

அடுத்த அறையில் இரவு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மா, “உன் படையெல்லாம் என்ன பண்ணுது? அனுப்பி மீட்டுக்கோ” என்றாள்.

வேறு வழியில்லாமல் பட்டாசு யோசித்தான். அவன் காய்களைத் திரும்ப வைக்க, அவன் மறந்த இடங்களை அக்கா சொன்னாள். மெதுவாக ஆடுகிறவளுக்கு எல்லாம் மனப்பாடமாக இருந்தது.

“இங்கதான். என் யானை குதிரையை வெட்டப் போயிடுச்சு. கடைசி வரிசையில காவலுக்கு ஆளில்ல. ராஜா முன்னாடி மூணு சிப்பாயும் அடைச்சு நிக்குது. ஓட வழியே இல்ல.” அவன் கண்கள் விரிந்தன. “அக்கா! போன போட்டியிலயும் இப்படித்தான் தோத்தேன்!”

அக்கா கையைத் திறந்தாள். ராஜா வியர்த்துப்போய் வெளியே வந்தார்.

அதற்குப் பிறகு தினமும் ஆட்டம், தினமும் கடத்தல். ஒருநாள் அக்கா தோற்றபோது பட்டாசு அவளுடைய ராஜாவைப் பிடித்துவைத்துக்கொண்டான்.

“இப்ப உன் தப்பைச் சொல்லு.”

“நேரம் போயிடுச்சு.”

“எதுக்குப் போச்சு? செக் வெச்சேன். நீ நகர ஒரே ஒரு கட்டம்தான் இருந்துச்சு. அதுக்கும் கன்னத்துல கை வெச்சுட்டு உட்கார்ந்திருந்த! யோசிக்க வேண்டிய இடத்துல மட்டும் யோசி.”

அவன் சொன்னது அத்தனையும் உண்மை.

போட்டி நாள் வந்தது. அதே எதிரணிதான். பட்டாசுக்கு எதிரே சுருட்டை முடிப் பையன். அக்காவுக்கு எதிரே ஓர் உயரமான பெண். மேடம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தார்.

ஆட்டம் பாதி ஓடியதும் சுருட்டை முடிப் பையன் ஒரு குதிரையைக் காவல் இல்லாமல் விட்டான். பட்டாசின் யானைக்கு நேர் எதிரே! பட்டாசின் கை பாய்ந்தது. பக்கத்து மேசையிலிருந்து அக்கா அதைப் பார்த்துவிட்டாள். போட்டியில் காயைத் தொட்டுவிட்டால் அதைத்தான் நகர்த்த வேண்டும். தொட்டால் போச்சு!

யானையின் தலைக்கு மேலே, ஒரு விரல் இடைவெளியில் அந்தக் கை நின்றது. பிறகு மெல்லத் திரும்பிப் போயிற்று. பட்டாசு இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டான். அவன் கடைசி வரிசையைப் பார்த்தான், ராஜாவைப் பார்த்தான். நேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

கடைசியில் ஒரு கையை விடுவித்து, ராஜாவுக்கு முன்னால் நின்ற ஒரு சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினான். ராஜாவுக்கு ஓட வழி திறந்தது. சுருட்டை முடிப் பையனின் முகம் வாடிற்று. அவன் குதிரைக்குப் போக இடமும் இல்லை, காப்பாற்ற ஆளும் இல்லை. அடுத்த முறை பட்டாசு அதை நிதானமாக எடுத்துக்கொண்டான். அங்கிருந்து ஜெயிப்பது அவனுக்கு நிமிஷ வேலை.

இனி எல்லாம் அக்காவின் கையில். அவளுக்கு மிச்சம் இரண்டே நிமிடம். எதிரில் இருந்த பெண்ணுக்குத் தாராளமாக நேரம் இருந்தது. பட்டாசு இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். ஒரு வார்த்தை பேசினாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

செக்கா? ஒரே கட்டம்தான். நகர்த்தினாள், பொத்தானை அடித்தாள். சிப்பாயை முன்னே தள்ளினாள், அடித்தாள். மறுபடி தள்ளினாள், அடித்தாள். ஆமையாக ஊர்ந்த அதே கையா இது! மேடம் நடப்பதை மறந்து நின்றுவிட்டார். சிப்பாய் கடைசிக் கட்டத்தை எட்டி ராணியாகிவிட்டது. உயரமான பெண் சிரித்துக்கொண்டே கை நீட்டி, “நீதான் ஜெயிச்ச” என்றாள்.

பட்டாசு வாயிலிருந்து கையை எடுத்தான். அந்தக் கட்டடமே அதிர்ந்தது.

நூலகத்துக்குத் திரும்பியதும் மேடம் நேராக மாடிக்குப் போனார். அலமாரியைத் திறந்து, ஒரு கடிகாரத்தை எடுத்து, தூசியை முந்தானையால் துடைத்தார்.

“பட்டாசு, உன் இடம் உனக்குத்தான்” என்றார். “நான் இதுவரைக்கும் வேகமா ஆடினதே இல்ல. ஆடாமலேயே கெடுதல்னு சொல்லிட்டேன். உட்கார். எப்படி இருக்குன்னு பாக்கறேன்.”

பட்டாசு ஜெயித்தான். மறுபடி ஜெயித்தான். அதற்கப்புறமும் ஜெயித்தான். அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்துவிட்டன.

“மேடம், நூலகம் மூடற நேரம் தாண்டிடுச்சு. நாங்க கிளம்பட்டுமா?” என்று கேட்டாள்.

காய்களை அடுக்கிக்கொண்டிருந்த மேடம் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

“இப்ப என்ன அவசரம்? உட்காரும்மா.”