ஆறாவது எலியின் கோடு

திங்கட்கிழமை காலை செங்கலடியில் பஸ்ஸை விட்டிறங்கி, ஓட்டோ பிடித்து, கம்சாயினி வாவிக்கரை ஆய்வுகூடத்துக்கு வந்து சேர்ந்தாள். கதவைத் தள்ளியதுமே மரத்தூளும் எலிமூத்திரமும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. மூன்று வருடமாகப் பழகிய வாடைதான்.

அவளுடைய வேலை பயத்தை அளப்பது. உயிரோடிருக்கும் எலியின் மூளைக்குள் மயிரளவு குழாயை இறக்கி, பம்பினால் உப்புநீரை மெல்ல மெல்லச் செலுத்துவாள். திரும்பி வரும் நீரை இருபது நிமிடத்துக்கு ஒரு குப்பியாக, ஓர் எலிக்குப் பன்னிரண்டு குப்பி பிடிப்பாள். எலி பயந்தபோது சுரந்த நோரட்ரினலின் என்ற இரசாயனம் எவ்வளவென்று இயந்திரம் கோடு கீறிக் காட்டும்.

ஆய்வுக்கு ஆறு எலிகள் வேண்டும். வெள்ளிக்கிழமை ஆறாவது எலி நாலாம் குப்பியோடு செத்துப்போயிற்று. பம்புக்கு அதெல்லாம் தெரியாது, தன் பாட்டில் ஓடியது. இன்னொரு எலிக்கு அனுமதி கிடைக்க ஆறு மாதம் செல்லும். ஆய்வைக் கையளிக்க இருப்பதோ ஒரு மாதம். கம்சாயினி மிச்ச எட்டுக் குப்பிகளையும் பிடித்து, பதிவேட்டில் “உயிருடன்” என்று எழுதிவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

ஆய்வுகூட உதவியாளர் றிஸ்வி, ஏறாவூர்க்காரர், அந்தக் குப்பிகளின் கோடு கீறிய தாளை இன்று காலை அவளிடம் நீட்டினார்.

“எலி நாலாவதோட மௌத்தாகிட்டுத்தானே, மிஸ்?”

அவளுக்குப் பொய் வரவில்லை. “ஓம், றிஸ்வி நானா.”

“கோடும் அதோட படுத்திட்டு. ஆனா ஏழாவதிலயும் பத்தாவதிலயும் எழும்பியிரிக்கு. ரெண்டும் நீங்க தேத்தண்ணி குடிச்சிட்டு உள்ளுக்கு வந்த நேரம்.”

“குழாய் பழுதாயிருக்கும்.”

புதுக்குழாயை எடுத்து, உள்ளறையில் ஆறாவது எலியின் வெறுங்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்த உப்புநீர்க் கிண்ணத்தில் இறக்கினாள். எலியே இல்லை. இரண்டு குப்பிக்கு அறையில் யாரும் நுழையவில்லை. மூன்றாவதற்கு அவள் நுழைந்தாள்.

முதல் இரண்டும் நேர்கோடு.

மூன்றாவது எழும்பியிருந்தது.

கம்சாயினி பதிவேட்டை இழுத்து, “உயிருடன்” என்பதை வெட்டி, “இறந்தது” என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள். ஆறு மாதம் போனது போனதுதான். அழுகை வந்தது, அழுதாள். நெஞ்சு கொஞ்சம் லேசானது.

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு மீண்டும் உள்ளே போய், வெறுங்கூட்டின் முன்னால் குந்தினாள். வெளியே நடுப்பகல் வெயில். உள்ளே பம்பின் முனகல் மட்டும்.

“தெரியாமச் செய்யல்ல,” என்றாள் மெதுவாக. “தெரிஞ்சுதான் செய்தன். என்ன மன்னிச்சிரு.”

கூட்டுக்குள் மரத்தூள் சரசரத்தது.

அவள் மூச்சை அடக்கினாள்.

தூள் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. அவளுக்கு எட்டாத பின்மூலையில் போய்க் குவிந்தது. அங்கேயே நடுங்கிக்கொண்டிருந்தது.

எப்படி வெளியே வந்தாளென்று அவளுக்கு நினைவில்லை. றிஸ்வி கிண்ணத்து நீரின் நாலாம் குப்பியை இயந்திரத்தில் போட்டார். தாள் வந்தது. மன்னிப்புக் கேட்ட அந்த இருபது நிமிடத்தில், கோடு தாளின் மேல்விளிம்பைத் தொட்டு நின்றது.

கம்சாயினி திரும்பவும் கதவுப்பிடியில் கை வைத்தாள். றிஸ்வி அவளை மறித்தார்.

“போகாதீங்க, மிஸ்,” என்றார் தாழ்ந்த குரலில். “பாவம், அது பயப்பிடுது.”