ஒரு சாண் அங்கால

குசினி யன்னலால் எட்டிப் பார்த்தபோது அந்தக் கல் அங்கே நின்றது. காலையில் மகள் ஆதிரையைச் சிறுவர் பள்ளிக்குக் கூட்டிப்போகும்போது அது இருக்கவில்லை என்று ஆரணி சத்தியம் பண்ணவும் தயாராக இருந்தாள். நவம்பரின் கடைசிக் கிழமை, பின்னேரத் தேத்தண்ணி ஆறுவதற்குள்ளேயே வெளியில் இருட்டிவிடுகிற காலம். மழை விட்டும் விடாமலும் கூரைப் பீலியால் சொட்டிக்கொண்டிருக்க, அந்த மங்கலில், அவர்களுடைய புல்தரைக்குள், பக்கத்து வீட்டு வேலிச் செடியிலிருந்து ஒரு சாண் இந்தப் பக்கமாக, முழங்கால் உயரத்தில், தலையெல்லாம் பாசி பிடித்து, கனகாலமாக அங்கேயே நின்றதுபோல அது நின்றது. கிட்டப் போய்ப் பார்த்தாள். பழைய எல்லைக்கல். ஈரமண்ணும் அழுகிய ஆப்பிளும் கலந்த ஒரு வாசம் அதிலிருந்து வந்தது.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு வளவுக்குள் ஒரு எல்லைக்கல் வந்தால் பேயின் நினைவு வராது, அயலவரின் நினைவுதான் வரும். ஆரணி பிறந்தது ஜேர்மனியில், ஸ்டுட்கார்ட்டில்தான், வேலியென்று ஒன்றை வெட்டிக் கட்டி அறியாதவள்தான். ஆனால் அவளுடைய அப்பா சிற்றம்பலம், ஒரு சாண் வேலிக்காகக் கூடப்பிறந்த தம்பியோடு கோடேறி வழக்காடியவர். நாட்டில் சண்டை வந்து, வேலிக்கு இரண்டு பக்கமும் கண்ணிவெடி புதைக்கப்பட்டு, இரண்டு வீட்டுக்காரரும் ஊரைவிட்டே ஓடிய பிறகும் அந்த வழக்கு முடியவில்லை. கொலோனில் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டு இன்றைக்கும் அதைப் பேசுவார். தாய்ப்பாலோடு சேர்த்து இந்தக் கதையையும் குடித்து வளர்ந்தவள், அன்று யாரிடம் கேட்பாள்? அப்பாவுக்குத்தான் போன் எடுத்தாள்.

"விட்டியெண்டால் நாளைக்கு அது உன்ரை முத்தத்துக்கு வரும், பிள்ளை," என்றார் சிற்றம்பலம். "சத்தம்போடாமல் தூக்கி அங்கால வை. வைக்கேக்கை ஒரு சாண் கூடத் தள்ளி வை."

"அது பிழையெல்லே, அப்பா?"

"என்ன பிழை? தொடங்கினது அவையள்."

பக்கத்து வீட்டு ஃப்ரௌ ஹெபர்லே, இலை உதிர்ந்தாலும் யாருடைய மரத்து இலை என்று பார்த்துக் கூட்டுகிற மனுசி. அவர் கல்லை இப்படி அரக்கி நகர்த்தக்கூடியவரா என்று ஆரணி ஒரு நிமிஷம் யோசித்தாள். வீடு வாங்கிக் குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வந்தவர்கள் கறுத்த ஆட்கள், வாய் திறக்கமாட்டார்கள் என்று நினைத்திருக்கலாம். அந்த நினைப்பு வந்ததும் கோபமும் வந்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

கல் அடம்பிடிக்கவில்லை. தூக்கச் சொல்லிக் கைநீட்டுகிற பிள்ளையைப்போல இலேசாக மேலே வந்தது. அடி சூடாக இருந்தது. வேலிச் செடிக்கு அங்கால, ஃப்ரௌ ஹெபர்லேயின் ரோசாப் பாத்திக்குள், அப்பா சொன்னபடி ஒரு சாண் கூடவே தள்ளி அதை நட்டு மண்ணை மிதித்து இறுக்கினாள். மிதித்து முடிந்தபோதுதான் மழைச் சத்தம் இல்லாமல் போயிருந்ததைக் கவனித்தாள். மழை பெய்துகொண்டுதான் இருந்தது.

அன்றிரவு வழக்கம்போல வேலைக்கு உட்கார்ந்தாள். அவளுடைய தொழிலும் காணியோடுதான். அமெரிக்காவில் இருக்கிறவர்கள் தங்கள் முப்பாட்டன் ஜேர்மனியில் எந்த ஊர், எந்த வயல் என்று கேட்டு எழுதுவார்கள். அவள் இங்கத்தைய பழைய காணிப் பதிவுகளையும் அங்கத்தைய காணி உறுதிப் பத்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வழி கண்டுபிடித்துக் கொடுப்பாள். இப்போது கையில் இருந்தது யாக்கோப் ஐசெலே என்பவனின் குடும்பம். பென்சில்வேனியா இன்னும் இங்கிலாந்து ராசாவின் சொத்தாக இருந்த நாளில் கப்பலேறிப் போனவன். அவன் விட்டுப்போன வயல், ஆரணியின் வீடு இருக்கிற இந்தக் குன்றின் மற்றப் பக்கம். அதற்குக் கிட்ட இருக்கிறாள் என்பதாலேயே அந்தக் குடும்பத்தின் கடைசி ஆளான ஒரு கிழவர் அவளைத் தேடிப் பிடித்திருந்தார்.

உறுதிகள் நேராகத்தான் போயின. யாக்கோப் காடு வாங்கும்போது எல்லைகள் எல்லாம் மரமும் ஓடையுமாக இருக்கும்: கருவாலி மரத்திலிருந்து ஓடைவரை, ஓடையிலிருந்து திரும்பக் கருவாலி மரம்வரை. விற்கும்போது அந்த மரம் நின்ற இடத்தில் 'ஒரு கல்' என்று எழுதியிருக்கும். விற்றுவிட்டு மேற்கே போவான். அங்கேயும் முதலில் மரம், பிறகு கல். அதைவிட வேறொன்றும் இருந்தது. விற்கும்போதெல்லாம் மனைவி பிள்ளைகளின் பெயர்களும் உறுதியில் வரும், ஒவ்வொரு தடவையும் ஒரு பிள்ளை குறைந்திருக்கும். எந்தத் தேவாலய ஏட்டிலும் அந்தப் பிள்ளைகளைப் புதைத்ததாக இல்லை. 'காய்ச்சலாக இருக்கலாம்' என்று ஆரணி குறிப்பு எழுதி வைத்திருந்தாள். இந்த வேலையில் பிள்ளைகள் குறைவதைப் பார்த்துப் பார்த்து மனம் மரத்துவிடும்.

பென்சில்வேனியாக் கிழவர் போன மாதம் ஒரு பார்சலும் அனுப்பியிருந்தார். தீப்பெட்டி அளவில் சுட்ட மண்துண்டு ஒன்று, அதில் அரைச் சில்லுப்போல ஒரு அடையாளம். யாக்கோப் கப்பலில் கொண்டுவந்ததாம், தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கிறார்களாம், என்னவென்று யாருக்கும் தெரியாதாம். பார்சல்காரன் வந்த அன்று ஆதிரைதான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். வேறு பெட்டிகளையும் அடுக்கித் தாடைவரை தாங்கிக்கொண்டு நின்றவனைப் பார்த்து, "பாரமே? இஞ்சை வையுங்கோ," என்றாள் தமிழிலேயே. அந்த ஜேர்மன்காரனுக்கு எப்படித்தான் விளங்கியதோ, வைத்துவிட்டுச் சிரித்தான். சுமையோடு வாறவர்களை வாசலில் நிற்கவைத்துக் கதைக்கக்கூடாது என்று ஆரணி பழக்கியிருந்தாள். தன் பிள்ளை சொல்லாமலே அதைச் செய்ததில் அவளுக்கு அன்று பெருமை தாங்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. ஆதிரைக்கு மேல் சுட்டது. மத்தியானம் மருந்து கொடுத்து மேல்மாடியில் படுக்கவைத்துவிட்டு ஆரணி யன்னல் சீலையை விலக்கினாள்.

கல் ஊஞ்சலுக்குப் பக்கத்தில் நின்றது. வேலியிலிருந்து வீட்டுக்கு வருகிற பாதியில்.

கணவன் தாரகன் விடியவே வேலைக்குப் போய்விட்டான். சனி ஞாயிறிலும் தொழிற்சாலை இழுத்துக்கொள்கிற மாதம் அது, இருட்டின பிறகுதான் வருவான். அவள் தனியே முற்றத்தில் இறங்கினாள். காற்றில் ஊஞ்சல் ஆடியது. எண்ணெய் விடு, விடு என்று தாரகனிடம் அவள் மாதக்கணக்காகச் சொல்லியும் கிறீச்சிட்டுக்கொண்டிருந்த சங்கிலி அது. இப்போது ஆடியது, கிறீச்சிடவில்லை. வேலிக்கு அங்கால ஃப்ரௌ ஹெபர்லேயின் நாய் அவளைப் பார்த்துக் குரைத்தது. வாய் திறந்து மூடுவது தெரிந்தது. அவ்வளவுதான். கல்லுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இந்தப் பக்கம் வரவில்லை.

நாயைப் பிடிக்க வந்த ஃப்ரௌ ஹெபர்லே கல்லைக் கண்டார். வேலி இடைவெளியால் வந்துவிடலாம், மனுசி வரவில்லை. தெருவால் சுற்றிக்கொண்டு வாசல் மணியை அடித்து, தோட்டத்தைப் பார்க்காமல் தேத்தண்ணி மேசையில் வந்து உட்கார்ந்தார். தன் ரோசாப் பாத்தி கிளறப்பட்டதைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. அதுதான் ஆரணியை இன்னும் கூடப் பயப்படுத்தியது.

அவருடைய தகப்பன் ஊரில் எல்லைக்கல் நடுகிறவர்களில் ஒருவராக இருந்தவராம். கல் நடும்போது அதன் அடியில் சுட்ட மண்ணில் செய்த துண்டொன்றைப் புதைப்பார்களாம். என்ன அடையாளம் போட்டது என்று நடுகிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாதாம். அதற்குப் பெயர் சாட்சி. யாராவது கல்லை அரக்கினால் தோண்டிப் பார்க்கலாம். சாட்சி கிடக்கிற இடம்தான் உண்மையான எல்லை. கல்லை அரக்கினவன் செத்தாலும் கிடந்து உறங்கமாட்டான், அதைச் சுமந்துகொண்டு எங்கே வைக்க, எங்கே வைக்க என்று கேட்டபடி அலைவான் என்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வார்களாம். கேட்டால் ஒரேயொரு பதில்தான் சொல்லலாம்: எடுத்த இடத்தில் வை. வேறு எதைச் சொன்னாலும் சொன்ன இடத்தில் வைத்துவிடுவான், வைத்த கல்லுக்கு அங்கால போனது அங்கால போனதுதான்.

சொல்லிவிட்டு அவர் ஆரணியின் கைகளைப் பார்த்தார். நகத்துக்குள் நேற்றைய மண் இன்னும் இருந்தது.

"நீங்கள் அதைத் தொட்டீர்களா?" என்று ஜேர்மனில் கேட்டார்.

ஆரணி இல்லை என்றாள். பொய் சொல்லப் பழக்கமில்லாதவள், அன்று சொன்னாள்.

அவர் போனபின்தான் எல்லாம் ஒன்றோடொன்று வந்து பொருந்தியது. யாக்கோப் பக்கத்து வயலுக்குள் கல்லை அரக்கியிருக்கிறான். யாரும் தோண்டிக் கண்டுபிடிக்காமல் இருக்கச் சாட்சியைக் கையோடு கொண்டு ஓடியிருக்கிறான். அது கடல் தாண்டிப் போனால் கல்லும் தாண்டிப் போயிருக்கிறது. காடு காடாக, உறுதி உறுதியாக, பிள்ளை பிள்ளையாக. இப்போது சாட்சி இந்த வீட்டில் இருக்கிறது. அவள்தான் கையெழுத்துப் போட்டு எடுத்தவள். அதற்கு மேல் அந்தக் கல்லைத் தூக்கி, தன் கையாலேயே, தனக்கில்லாத ஒரு சாண் மண்ணையும் அபகரித்தவள்.

அழுகை வந்தது. அழ நேரமில்லை. தாரகன் வந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காரில் குன்றுக்கு அங்கால போய், பழைய வயலில் சாட்சியைப் புதைத்துவிட வேண்டும். போனில் சொன்னால் அவனுக்கு விளங்காது, நேரில்தான் சொல்லவேண்டும். மேசைக்குப் போனாள். உறுதிப் பிரதிகளுக்கு மேல் பாரத்துக்கு வைத்திருந்த இடத்தில் மண்துண்டு இல்லை. மேசைக்குக் கீழே இல்லை. இழுத்துத் திறந்த லாச்சிக்குள் இல்லை. ஆதிரையின் விளையாட்டுச் சாமான் கூடையைத் தரையில் கொட்டினாள். அங்கேயும் இல்லை.

யன்னலால் பார்த்தாள். இருட்டிவிட்டது. தெருவிளக்கின் வெளிச்சம் புல்லில் விழுந்தது. ஊஞ்சல் நின்றது. கல் நிற்கவில்லை.

வாசம் முதலில் வந்தது. ஈரமண், அழுகிய ஆப்பிள். வீட்டுக்குள்.

பிறகு படி. மாடிப்படியின் மேல் வளைவில் ஏதோ பாரமானது மரப்படியில் இருந்தது, எழும்பியது, அடுத்த படியில் இருந்தது. நடுவில் ஒரு மூச்சு. கனதூரம் சுமந்து வந்தவனின் மூச்சு.

ஆரணி ஓடினாள். படியெல்லாம் சேறு. மேலே ஆதிரையின் அறைக் கதவு திறந்திருந்தது, இரவு விளக்கின் மஞ்சள் வெளிச்சம் வெளியே விழுந்தது. அதற்குள்ளிருந்து ஒரு ஆண் குரல், இந்தக் குன்றுகளின் பழைய ஜேர்மனில், மன்றாட்டமாக, களைத்துப்போய்க் கேட்டது.

எங்கே வைக்க?

பதில் அவளுக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தாள். மூச்சு வாங்கியதில் சொல் வரவில்லை. ஒரு மூச்சு. ஒரேயொரு மூச்சு பிந்திவிட்டாள்.

"பாரமே?" என்றாள் ஆதிரை உள்ளே, காய்ச்சல் குரலில், அன்பாக. "இஞ்சை வையுங்கோ."

வைத்த சத்தம் கேட்டது.

அறைக்குள் யாரும் இல்லை. கட்டிலின் நடுவில் கல் நின்றது. வெள்ளி நட்சத்திரம் போட்ட போர்வையில் சேறு. கல்லுக்கு இந்தப் பக்கம் தலையணை, தலையணையின் கீழிருந்து எட்டிப் பார்க்கிற மண்துண்டு. கல்லுக்கு அந்தப் பக்கம் ஆதிரை. கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அம்மாவைக் கண்டு சிரித்தாள், ஏதோ சொன்னாள். சத்தம் வரவில்லை.

ஆரணி கை நீட்டினாள். கைக்கு எட்டியது குளிர்காற்று. வெட்டவெளியின் காற்று.

ஆதிரைக்குப் பின்னால் சுவர் இருக்கவேண்டிய இடத்தில் இருட்டு. இருட்டில் பிள்ளைகள். வரிசையாக, சிறிதும் பெரிதுமாக, நாட்டுப்புறத்துத் தடித்த துணிச் சட்டைகளோடு. ஆக முன்னால் இருந்த பிள்ளை கொஞ்சம் அரங்கி, தள்ளி உட்கார்ந்து ஆதிரைக்கு இடம் விட்டது. ஆதிரை அந்தப் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். இப்போது அவள் சிரிக்கவில்லை.

ஆரணி கல்லைக் கட்டிப் பிடித்தாள். தூக்கினாள். இலேசாகத்தான் வந்தது. மார்புக்கு வந்ததும் பாரமானது. கட்டில் வெறுமையாகக் கிடந்தது, அதற்குப் பின்னால் சுவர், சுவரில் ஆதிரை ஒட்டிய யானைப் படம். கல்லைக் கீழே வைக்கப் பார்த்தாள். கை விடவில்லை. பிள்ளையின் பெயரைக் கூப்பிட வாய் திறந்தாள். பெயர் வரவில்லை. வேறொன்று வந்தது. மூடினாள். திறந்தாள். அதுவேதான் வந்தது.

கீழே வாசல் கதவில் திறப்பு திரும்புகிற சத்தம். தாரகன் சப்பாத்தைக் கழற்றியபடி, பிள்ளைக்கு எப்படியிருக்கு என்று கேட்டான். அவள் படியால் இறங்கினாள், ஒவ்வொரு படியிலும் கல்லை இருத்தி, எழுப்பி. அவன் நிமிர்ந்து பார்த்தான். சேறு பிடித்த முகத்தோடு, மார்பில் கல்லோடு நிற்கிற மனைவியைக் கண்டான்.

"எங்கை வைக்க?" என்று கேட்டாள் ஆரணி.

அவன் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு கிட்ட வந்தான். பாரத்தோடு ஒருத்தர் நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிற ஆள் அவன் இல்லை.