ஐஸ் பெட்டியில் ஐந்து டிரவுட்

துணை ஷெரீஃப் டீக் அன்று காலை சவ அடக்க நிலையத்தில் ஓசிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். வெர்னா ஹால்செல் ஒரு கிழவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்; வகிடு கோணலாகப் போனாலும் கோபித்துக்கொள்ளும் நிலையில் அவர் இல்லை. ஆர்க்கன்சாவின் அந்த மலைக் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், பிணங்களை அடக்கம் செய்பவளும் வெர்னாதான், எப்படிச் செத்தார்கள் என்று சான்று எழுதும் அதிகாரியும் அவள்தான். எப்படியும் கடைசியில் அவளிடம்தானே போகவேண்டும் என்று ஊர் அவளுக்கே ஓட்டுப் போட்டு வந்தது.

லுவெல்லா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். அப்பாவைப் புதைத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை.

"கிளெட்டஸை உள்ள தள்ளணும் வெர்னாக்கா. நீங்க விபத்துன்னு எழுதிட்டீங்க. விபத்து இல்ல, அவன்தான் கொன்னான்."

விஷயம் கவுண்டி முழுக்கத் தெரிந்ததுதான். கிளெட்டஸ் மீன்பிடிக்கக் கூட்டிப் போகும் கைடு. லுவெல்லாவின் அப்பா ஆன்சலையும் அவள் புருஷன் ராய்ஸையும் முழு நாள் பயணமாக அழைத்துப் போனான். காலையில் அணைக்குக் கீழே ஆற்றில் டிரவுட் மீன், மதியத்துக்குமேல் அணைக்கு மேலே ஏரியில் பாஸ் மீன். உச்சிப்பொழுதில் இருவரையும் படகோடு சரளைக் கரையில் விட்டுவிட்டு, ஏரியில் வேறொரு படகை இறக்கி வைக்க லாரியில் போனான். அவன் போன நேரத்தில் அணைச் சங்கு ஊதி, மின்சாரத்துக்காகத் தண்ணீர் திறந்துவிட்டார்கள். வற்றிய ஆற்றில் நடந்தே போய் நடுப்பாறையில் உட்கார்ந்திருந்த ஆன்சலைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது.

"கைடுன்னா ஆளை அம்போன்னு விட்டுட்டுப் போகலாமா?" என்றாள் லுவெல்லா.

டீக் நிமிர்ந்து உட்கார்ந்தான். "நான் அன்னைக்கே சொன்னேன்க்கா. வாரண்ட் வாங்கட்டுமா?"

"காப்பியக் குடி," என்றாள் வெர்னா. "ராய்ஸ் என்ன சொல்றாரு லுவெல்லா?"

"சங்கு கேட்டதும் படகை அவுக்க ஓடியிருக்காரு. அவுக்கறதுக்குள்ள அப்பா போயிட்டாரு. ஒரு நிமிஷங்கூட இல்லையாம்." அவள் குரல் சற்றுத் தணிந்தது. "அது ஒண்ணுதான்க்கா என்னை நிக்க வச்சிருக்கு. கஷ்டப்படாம போயிட்டாரு. பெட்டியில இருந்த மீனெல்லாம் அப்பா பிடிச்சதாம். சந்தோஷமா பிடிச்சுக்கிட்டு இருந்தவரு அப்படியே போயிட்டாருன்னு ராய்ஸ் சொன்னாரு. நான் அதை இன்னும் ஃப்ரீசர்லயே வச்சிருக்கேன்."

வெர்னாவின் கையில் சீப்பு நின்றது. "அறுக்காமலா?"

"கிளெட்டஸ்தானே அறுக்கணும். அன்னைக்கு யாரு அறுத்தா?"

அது அந்த ஆற்றின் வழக்கம். காசு கொடுத்து வந்தவன் மீனைப் பிடிப்பான், படம் எடுத்துக்கொள்வான், பெருமை பேசுவான்; குடலில் கை வைப்பது கைடின் வேலை. ராய்ஸ் தன் ஆயுளில் ஒரு மீனையும் அறுத்ததில்லை.

வெர்னா சீப்பைக் கீழே வைத்தாள். "உங்கப்பாவை நான்தான் குளிப்பாட்டினேன். பத்து விரல்லயும் நகக்கண்ணுல பாசி அடைச்சிருந்துச்சு, தோல் உரிஞ்சிருந்துச்சு. புரண்டு போறப்ப எங்கேயோ உரசியிருக்கும்னு நெனச்சேன். நீ நிமிஷக் கணக்கு சொல்ற. ஒரே நிமிஷத்துல பத்து விரலுக்கும் பாசி ஏறுமான்னு இப்பதான் தோணுது. நான் கிளறுனா, அந்த ஒரு நிமிஷ ஆறுதலும் உன் கையில மிஞ்சாது. யோசிச்சுச் சொல்லு."

"கிளெட்டஸ் மாட்டுவான்னா கிளறுங்க," என்றாள் லுவெல்லா. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவளுக்கு நல்லதாக இருந்திருக்கும். கோபக்காரிக்கு நல்லது எது என்று யார் சொல்லிப் புரியும்?

வெர்னாவும் டீக்கும் போனபோது கிளெட்டஸ் படகுத்துறையில் சும்மா உட்கார்ந்திருந்தான். முன்பதிவு செய்திருந்த பயணங்களை எல்லாரும் ரத்து செய்துவிட்டார்கள். அவன் படகின் பக்கவாட்டில் யாரோ சிவப்பு வண்ணத்தில் 'கொலைகாரன்' என்று எழுதியிருந்தார்கள். அதைச் சுரண்டக்கூட அவனுக்கு மனம் இல்லை.

"நான் போனது தப்புத்தான்," என்றான். "மூணு நாளா அணை மூடிக் கெடந்துச்சு. சாயங்காலம்தான் தெறப்போம்னு சொன்னாங்க. நம்பிப் போனேன்."

"தெரியும்டா, மழுப்பாத," என்று டீக் பாய்ந்தான். வெர்னா அவன் தோளில் கை வைத்தாள்.

"நீ கெளம்புறப்ப பெட்டியில எத்தனை மீன்?"

"ஒண்ணுமில்ல. தண்ணி கண்ணாடி மாதிரி தெளிஞ்சு கெடந்துச்சு, காலைல இருந்து தூண்டில்ல ஒரு கடி இல்ல. கிழவரு அந்தக் கடுப்பை ராய்ஸ் மேல காட்டினாரு. 'மாப்ளே, நீ தூண்டில் போட்டா மீனு சிரிச்சே செத்து மெதக்கும், அப்ப பொறுக்கிக்கலாம்'னாரு. எப்பவும் அப்படித்தான். கல்யாணம் ஆனதுலேர்ந்து ராய்ஸை அவர் ஒரு வார்த்தை மெச்சி நான் கேட்டதில்ல. ராய்ஸும் பல்லைக் காட்டிக்கிட்டு நிப்பாரு."

"தூண்டில்ல என்ன கட்டிக் கொடுத்த?"

"பாசிப் பச்சை மயிர் கட்டுன கொக்கி, ரெண்டு பேருக்கும். தெளிஞ்ச தண்ணியில வேற என்னத்தக் கட்டுறது?"

ராய்ஸின் தூண்டில் டீக்கின் அலுவலக மூலையில், அவன் தொப்பிக்குப் பக்கத்தில்தான் இத்தனை நாளும் சாய்ந்திருந்தது. ஆன்சலின் தூண்டில் ஆற்றோடு போய்விட்டது. ராய்ஸுடையதன் நுனியில் தொங்கியது வெள்ளை மயிர் கட்டிய கொக்கி.

டீக் அதைக் கையில் எடுத்தான். அவனும் அந்த ஆற்றிலேயே வளர்ந்தவன். குளிர்காலத்தில் அந்தக் கவுண்டியில் யார் எப்போது வெள்ளையைக் கட்டுவார்கள் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாரண்ட், கைது, பத்திரிகையில் தன் படம் என்று காலையிலிருந்து மனசுக்குள் ஓடிய ஊர்வலம் சட்டென்று நின்றுபோயிற்று. ராய்ஸோடு எத்தனையோ தடவை அவன் மீன் பிடிக்கப் போயிருக்கிறான்.

"வேற ஏதாச்சும் காரணம் இருக்கும்க்கா," என்றான்.

"இருக்கும். ஃப்ரீசர்ல இருக்கும்," என்றாள் வெர்னா.

சாயங்காலம் எல்லாரையும் சவ அடக்க நிலையத்துக்கே வரச்சொன்னாள். லுவெல்லா முன் நாற்காலியில், கிளெட்டஸைப் பார்க்காமல், விறைத்து உட்கார்ந்தாள். கிளெட்டஸ் சுவரோரமாக ஒதுங்கினான். ராய்ஸ் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, துக்கத்துக்கு வந்தவன்போலவே நின்றான். டீக் கதவை மறித்துக்கொண்டான். மேஜைமேல் அலுமினியத் தட்டில் ஐந்து டிரவுட்கள் உறைபனி உருகிக் கிடந்தன.

"ராய்ஸ், இந்த மீனையெல்லாம் யாரு பிடிச்சது?"

"மாமாதான். கிளெட்டஸ் போனதும் மளமளன்னு பிடிச்சாரு. அப்புறம் பாறைக்குப் போனாரு. அதுக்கப்புறந்தான் சங்கு."

"சங்குக்கு முன்னாடியே பிடிச்ச மீன். சரியா?"

"ஆமா."

வெர்னா கத்தியை எடுத்து முதல் மீனின் வயிற்றைக் கீறினாள். இரைப்பையைப் பிதுக்கினாள். விரல் நீள வெள்ளிநிறக் குஞ்சுமீன்கள் தட்டில் விழுந்தன. சில முழுசாக, சில தலை வேறு வால் வேறாக வெட்டுப்பட்டு. இரண்டாவது மீனிலும் அப்படியே. மூன்றாவதில் அடைத்துக்கொண்டு இருந்ததால் கத்தி வைக்கும் முன்பே வாய் வழியாகப் பிதுங்கியது.

கிளெட்டஸ் சுவரைவிட்டு ஒரு அடி முன்னே வந்தான். "ஷாட் மீனு," என்றான் மெதுவாக.

"டீக், நீயே சொல்லு. ஷாட் எங்க இருக்கு?"

டீக் ராய்ஸைப் பார்க்காமல் சொன்னான். "மேல ஏரியில. ஆத்துல கெடையாதுக்கா. குளிர்ல செத்து மெதக்கும். அணையில மின்சாரச் சக்கரம் ஓடுறப்ப அதுல மாட்டி, வெட்டுப்பட்டு, கீழ ஆத்துக்கு வரும். டிரவுட் வெறி புடிச்ச மாதிரி திங்கும். அப்பதான் நாங்க வெள்ளை கட்டுவோம்."

"சக்கரம் ஓடலன்னா?"

"ஒண்ணு கூட வராது."

"மூணு நாளா ஓடல," என்றாள் வெர்னா. "சங்கு ஊதினப்புறம்தான் ஓடுச்சு. ஆக, இந்த மீனுங்க தின்னது சங்குக்கு அப்புறம். பிடிபட்டது அதுக்கும் அப்புறம். அந்த நேரத்துல மாமா பாறையில இருக்காரு, தண்ணி ஏறிக்கிட்டு இருக்கு, படகு உங்ககிட்ட இருக்கு. நீங்க பச்சைக் கொக்கிய அவுத்து வெள்ளையக் கட்டியிருக்கீங்க ராய்ஸ். குளிர்ல வெரச்ச கையால முடிச்சுப் போட எவ்வளவு பொறுமை வேணும். ஆளுக்கு அஞ்சு மீன்தான் சட்டம். அஞ்சோட நிறுத்தியிருக்கீங்க. மீன் சட்டத்தை மீறல."

வெர்னா கத்தியைத் தட்டில் வைத்தாள்.

"தெறந்த உடனே தண்ணி ஆளைத் தூக்காது," என்று வெர்னா தொடர்ந்தாள். "மொதல்ல முழங்கால், அப்புறம் இடுப்பு. அவர் பாறையை நகத்தால கவ்விக்கிட்டுத் தொங்கியிருக்காரு. நீங்க வீட்டுக்குப் போற வழியில அந்த மீனை ஆத்துல வீசியிருந்தா நான் எதையும் நிரூபிச்சிருக்க முடியாது."

"நெறஞ்ச பெட்டியை எவன் வீசுவான்?" என்றான் ராய்ஸ். அது ஒரு நியாயமான கேள்வி என்றே அவன் நினைத்ததாகத் தெரிந்தது. கிளெட்டஸ்கூடத் தன்னை அறியாமல் தலையசைத்துவிட்டு, உடனே தரையைப் பார்த்தான்.

லுவெல்லா எழுந்திருக்கவில்லை. "அப்பா உங்களைக் கூப்பிட்டாரா?"

ராய்ஸ் தொப்பியைச் சுழற்றினான். மறுப்பான், கத்துவான், ஓடுவான் என்று டீக் கைவிலங்கைத் தயாராகப் பிடித்திருந்தான். ராய்ஸ் எதுவும் செய்யவில்லை.

"மொதல்ல திட்டுனாரு. எப்பவும் திட்டுறதுதானே. 'படகைக்கூட ஓட்டத் தெரியாத முண்டம்'னாரு. கொஞ்ச நேரம் நிக்கட்டும்னு நெனச்சேன். கொஞ்ச நேரம்தான் லுவெல்லா. அதுக்குள்ள கடி ஆரம்பிச்சிருச்சு. அப்படி ஒரு கடி நான் பார்த்ததே இல்ல. போட்டதும் இழுக்குது."

"அப்புறம்?"

"தண்ணி மார்புக்கு வந்ததும் திட்டுறதை விட்டுட்டாரு. நான் ஒரு பெரிய மீனை இழுத்துப் போட்டேன். அதைப் பார்த்து, 'நல்லாப் பிடிச்ச மாப்ளே, கெட்டிக்காரன் நீ, இப்ப வா'ன்னாரு." அவன் முகத்தில் வெட்கம்போல ஏதோ வந்து போனது. "இத்தனை வருஷத்துல மொத தடவை. இன்னொரு தடவை சொல்லுவாருன்னு தூண்டிலைப் போட்டேன்."

"சொன்னாரா?"

"சொன்னாரு. ஒவ்வொரு மீனுக்கும் சொன்னாரு."

லுவெல்லா மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கிளெட்டஸ் பக்கம் திரும்பி, தன்னை வீட்டில் கொண்டுபோய் விடமுடியுமா என்று கேட்டாள்.