அறுபத்து மூன்றாம் பக்கம்

காலை பத்து மணி. தலைமையாசிரியையின் பீரோவுக்குள் பாதி உடம்பை நுழைத்து, ஃபைல்களை வாரி வெளியே போட்டுக்கொண்டிருந்தார் நூலகர் அம்மா.

“நேத்து சாயங்காலம் இங்கதானே வெச்சேன்!”

புத்தகத்தைக் காணோம். சாவி மட்டும் வழக்கம்போலப் பூட்டிலேயே தொங்கியது.

பதினோரு மணிக்கு விசாரணைக் குழு கூடுகிறது. பிள்ளைகள் படிக்கத் தகாதது என்று புகாருக்கு ஆளான நாவல் அது. பள்ளியில் இருந்த ஒரே பிரதி. குழுவின் முன்னால் அது வந்தாக வேண்டும். வராவிட்டால் நூலகர்தான் ஒளித்துவிட்டார் என்று ஆகும். வேலை போய்விடும்.

தலைமையாசிரியை பயந்துபோய்ப் போலீஸுக்குப் போன் போட்டிருந்தார். வந்த பெண் இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்காருவதற்குள் முதல் வாக்குமூலம் விழுந்தது.

“நான்தான் எடுத்தேன் மேடம்,” என்றார் கணக்கு வாத்தியார்.

“எதுக்கு?”

“அது... சும்மா.”

“பொய்!” டிரில் மாஸ்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். “எடுத்தது நான். இவருக்கு பீரோ எல்லாம் திறக்க வராது மேடம். பேனா மூடியையே நாங்கதான் திறந்து குடுப்போம்.”

“யோவ்!”

நூலகர் பதறினார். “எனக்காக நீங்க எதுக்கு சார் மாட்டிக்கிறீங்க? மேடம், நானே எடுத்தேன்னு எழுதிக்குங்க.”

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். திருடன் கிடைக்காமல் தெருத்தெருவாக அலைந்ததுண்டு. ஒரு திருட்டுக்கு மூன்று பேர் க்யூவில் நின்று பார்த்ததில்லை.

“சரி, புத்தகம் எங்க?”

மூவரும் முழித்தார்கள்.

“வேற யார் இந்த ரூமுக்கு வந்தது?”

“பெற்றோர் சங்கத் தலைவர்,” என்றார் தலைமையாசிரியை. “புகார் குடுத்ததே அவர்தான். புத்தகம் இருந்தாத்தானே அவர் புகார் நிக்கும்? அவர் ஏன் எடுக்கப் போறார்?”

குழுவுக்காக வந்து வராந்தாவில் நின்றிருந்த தலைவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். கண் கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தது. சாப்பாட்டுப் பையைக் கீழே வைக்காமல் மடியில் இறுக்கிக்கொண்டார்.

“ராத்திரி தூங்கலையா சார்?”

“கடைக்குச் சிமென்ட் லோடு வந்துச்சு.”

“புத்தகத்தைப் படிச்சீங்களா?”

“ஒரே பக்கம். அறுபத்து மூணு. ‘அப்பா செருப்புச் சத்தம் கேட்டாலே வயித்தைக் கலக்குது’ன்னு ஒரு பொண்ணு சொல்றா. பெத்தவனைப் பத்திப் பேசற பேச்சா இது? சாக்கடைன்னு தெரிஞ்சுக்க முழுசாக் குடிச்சுப் பாக்கணுமா?”

“அந்தப் பக்கம் எப்படிக் கிடைச்சுது?”

“கடையில சாப்பாட்டுப் பையைத் திறந்தேன். டப்பா மேல ஜெராக்ஸ் எடுத்து மடிச்சு வெச்சிருந்துச்சு. எவனோ நல்லவன்.”

“நானும் படிச்சிருக்கேன் சார். கடைசியில அந்தப் பொண்ணு வீட்டை விட்டே ஓடிப்போயிடுவா.”

நூலகர் வாயைத் திறந்தார். இன்ஸ்பெக்டர் கண்ணாலேயே அடக்கினார்.

“யார் ஓடினா?” தலைவர் சீறினார். “அவ வீட்லயேதான் இருக்கா! அவ அப்பன் வாசல்லயே செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு, சத்தமே வராம படியேறி...”

பாதியில் நின்றார்.

“ஒரு பக்கம் படிச்சவருக்குக் கடைசிப் பக்கம் எப்படித் தெரியும்?” இன்ஸ்பெக்டர் புன்னகைத்தார். “படிக்காதவன்கிட்ட முடிவைத் தப்பாச் சொன்னா கண்டுக்க மாட்டான். படிச்சவனால பொறுக்க முடியாது. இது லோடு இறக்கின கண்ணு இல்ல, விடிய விடியப் படிச்ச கண்ணு. பையைத் திறங்க சார்.”

புத்தகம் மேஜைக்கு வந்தது. கணக்கு வாத்தியாரும் டிரில் மாஸ்டரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள்.

“குழுவில கேள்வி கேட்டா சமாளிக்கணுமேன்னு எடுத்தேன்,” என்றார் தலைவர். “பத்துப் பக்கம் பார்த்துட்டு மூடிடலாம்னு நெனச்சேன். மூட முடியல. காலையில திருப்பி வைக்க வந்தா, ரூம் நிறைய ஆளு.”

“அப்போ புகார்?” நூலகர் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“வாபஸ்மா. குழுவில நானே சொல்றேன்.” தலைவர் நெற்றியைத் தேய்த்தார். “ஒண்ணுதான் புரியல. அந்த ஜெராக்ஸை வெச்சவன், நான் புகார் குடுக்கணும்னு வெச்சானா, படிக்கணும்னு வெச்சானா?”

“உங்க சாப்பாட்டுப் பையைக் கட்டறது யாரு சார்?”

தலைவர் பதில் சொல்ல வாயெடுத்தார். பார்வை மெல்ல இறங்கித் தன் செருப்பில் போய் நின்றது.

“என் பொண்ணு.”